பகோடா தெருவில் ஒரு வேதக்கார வீடு

ரங்கூனில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்களா? ஹாலுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு மாடம் இருக்கும். பெரும்பாலும் கிழக்குப் பக்கம். பயாஸின் என்பார்கள், புத்தர் மாடம். ஒரு தூணிலோ மூலையிலோ சிவப்புத் துணி சுற்றிய முழுத் தேங்காய் தொங்கினாலும் தொங்கும். அது மின் மஹாகிரி என்ற வீட்டுக் காவல் தெய்வத்துக்கு உரியது.

நம் வேதக்கார, அதாவது தமிழ்க் கிறிஸ்தவ, குடும்பங்கள் இந்த இடத்தில்தான் முதல் தவறைச் செய்கின்றன. பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, குடிபோன அன்று ராத்திரி தேங்காயை இறக்கிக் குப்பையில் போட்டுவிடுவது. ரங்கூனில் மாத வாடகை அபூர்வம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ மொத்தமாக முன்பணம் கொடுத்தாக வேண்டும். பணம் கைமாறிய பிறகு தேங்காய் போன சேதி பக்கத்து வீட்டார் வழியாக வீட்டுக்காரர் காதுக்குப் போகும். அந்த வாரம் அவர் வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி உங்கள் தலையில் விடியும்.

சரியான நேரம் பணம் கொடுப்பதற்கு முன்னால்தான். தரகரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும்: "நாங்கள் கரிட்யான், கிறிஸ்தவர்கள். இதை நாங்கள் கும்பிட மாட்டோம், அவமதிக்கவும் மாட்டோம். உங்கள் முறைப்படி நீங்களே எடுத்துக்கொண்டு போனால் நல்லது." அநேகம் பேர் எடுத்துப் போய்விடுவார்கள். பூவும் தண்ணீரும் வைக்க ஆளில்லாத மாடம் அவர்களுக்கும் மனக்கஷ்டம்தான். உருவத்தை எடுத்த பிறகும் பலகை சுவரோடு நின்றுவிட்டால், அதைக் காலியாகவே விடுங்கள். இடம் சும்மாதானே கிடக்கிறது என்று கொசுவர்த்தியும் சார்ஜரும் அங்கே ஏறக் கூடாது. அதற்குக் கீழே கொடி கட்டி லுங்கி காயப் போடக் கூடாது. பெண்களின் லுங்கி என்றால் அவர்களுக்குப் பொறுக்கவே பொறுக்காது. இயேசு படத்தை அந்தப் பலகையில் ஏற்றுவதும் வேண்டாம். அவரைத் தள்ளிவிட்டு இவரை உட்கார வைத்தார்கள் என்று தெருவே பேசும். வசன காலண்டருக்கு எதிர்ச்சுவர் இருக்கிறது.

2014 மக்கள்தொகைக் கணக்குப்படி பர்மாவில் பௌத்தர்கள் 87.9 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.2, இந்துக்கள் 0.5. அந்த 6.2-இலும் பெரும்பகுதி சின், கச்சின், கரேன் இன மக்கள். தமிழ்க் கிறிஸ்தவர் நிலை இதில் வேடிக்கையானது. தெருவில் அவர் "கலா", இந்தியாக்காரர். அனவ்ரத்தா ரோட்டில் ஸ்ரீகாளி கோயிலுக்குப் போகும் சொந்தக்காரர்களுக்கு அவர் மதம் மாறினவர். சபைகள் கூடும் பெரிய மாநாட்டிலோ பர்மியத்தைத் தமிழ் வாடையோடு பேசுகிறவர். எந்தப் பந்தியிலும் அவருக்கு ஓர ஆசனம்தான். ஓரத்தில் இருக்கிறவன் வாய் திறந்து சொன்னால்தான் அவன் யார், என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்று மற்றவர்களுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் ஊரே ஒரு விடையை ஊகித்துக்கொள்ளும்.

சொல்வதிலும் ஒரு வார்த்தைச் சிக்கல் உண்டு. பயா என்ற பர்மியச் சொல்லுக்குப் புத்தர், பகோடா என்ற புத்தக் கோயில், சுவாமி என்று பல பொருள். புத்த பிக்குவிடம் பேசும்போது மரியாதைக்கு "தின்பா பயா" என்று முடிப்பது வழக்கம். நம் ஊரில் "சரிங்க சாமி" என்பதைப் போல. 1813-இல் ரங்கூன் வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர், 1840-இல் திருத்தி முடித்த பர்மிய வேதாகமத்தில் கடவுளுக்குப் "பயா தகின்" என்று எழுதினார். பயா என்பதோடு எஜமான் என்ற சொல் சேர்ந்தது. இன்றுவரை பர்மியக் கிறிஸ்தவர்களின் சொல் அதுதான். ஆகவே ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது வெறும் பயா என்றால், கேட்கிறவர் பகோடா என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லிப் பழக வேண்டும். பிக்குவிடம் "தின்பா பயா" சொல்ல மனம் ஒப்பவில்லையா? "ஹொக்கே பா, சயாடோ" போதும். மரியாதையில் குறை வராது. சயாடோ என்றால் பெரிய குரு, அவ்வளவுதான். பிக்குவுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள். பெண்கள் அவர் கையில் படாமல் தட்டிலோ துணியிலோ வைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் அவர்கள் திட உணவு சாப்பிடுவதில்லை என்பதால் மூன்று மணிக்குப் பிஸ்கட் தட்டை நீட்டி அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

இனி அலூ, அதாவது தான விருந்து. மகனுக்கு ஷின்பியு, அதாவது சிறுவனைச் சில நாளுக்குத் துறவியாக்கும் சடங்கு நடத்துகிற வீட்டார் தெருவையே அழைத்து விருந்து வைப்பார்கள். வேதக்காரரின் சாமர்த்தியம் முழுக்கத் தெரியவருவது அங்கேதான்.

பர்மியர்களிடம் அனாடே என்று ஒரு குணம் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் தரக் கூடாதே என்ற கூச்சம். அதனால் முகத்துக்கு நேரே "ஏன் வரவில்லை?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காததை வைத்து அவர்களுக்கு வருத்தமில்லை என்று நம் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள். வருத்தம் இருக்கும், வாய்தான் திறக்காது. அதுபோலவே "வருகிறேன்" என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வதும் எல்லோருக்கும் புரியும் பொய்.

அழைப்பிதழ் கையில் வந்த அன்றே பேசிவிடுங்கள். "விருந்துக்குக் கட்டாயம் வருவோம். சீலம் எடுக்கிற நேரத்தில் மட்டும் நாங்கள் உட்காருவதில்லை, எங்கள் வழக்கம் அப்படி. அந்த நேரத்துக்கு அடுப்படியில் ஒரு வேலை கொடுங்கள்." சீலம் என்பது பௌத்தர்கள் வாய்விட்டுச் சொல்லி ஏற்கும் ஒழுக்க உறுதிமொழி. பர்மியத்தில் "வைங் கூ மெ" என்றால் கூடமாட வேலை செய்கிறேன் என்று அர்த்தம். அலூ வீட்டில் இந்த மூன்று சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் கிடையாது.

நிகழ்ச்சி எந்த வரிசையில் போகும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு ராஜகுமாரன் வேஷம் கட்டி ஊர்வலம். பிக்குகளுக்கு நண்பகலுக்கு முன் சாப்பாடு. எல்லோரும் மண்டியிட்டு ஐந்து சீலம் சொல்வது. பிறகு உபதேசம். அடுத்தது யேசெட்சா, கிண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்த்துப் புண்ணியத்தைப் பகிர்ந்தளிப்பது. முடிவில் மூன்று தரம் "தாது" என்பார்கள். நம் சாதுதான் அங்கே தாது. கடைசியாக விருந்தாளிகளுக்குப் பந்தி. சீலம் தொடங்கி யேசெட்சா முடியும் வரைக்குள்ள நேரத்தில்தான் அடுப்படி தலைகீழாக ஓடும். பிக்குகள் சாப்பிட்ட தட்டுகள் கழுவ வந்து குவியும். அடுத்த பந்திக்குச் சோறு இறக்கியாக வேண்டும். சட்டியைத் தேய்த்துக்கொண்டு அங்கே நிற்கிறவரை ஹாலில் யாரும் தேடமாட்டார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் தெரியும், அடுத்த அலூவுக்கு அவரே வந்து, "நீங்கள் வழக்கம்போல அடுப்படிதானே?" என்பார்.

ஹாலிலேயே மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். காலை ஒருபக்கமாக மடக்கி, பாதம் புத்தர் பக்கமோ பிக்கு பக்கமோ நீளாமல் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக இருங்கள். எழுந்து வெளியே நடப்பது அவமரியாதை. வாயை மட்டும் அசைத்து ஒப்பேற்றுவது அதைவிட மோசம், ஏனென்றால் பக்கத்தில் உங்கள் பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

மொய்யைக் கூங்வே என்பார்கள், கைமாற்று உதவி மாதிரி. நோட்டில் பெயரெழுதி வாங்குவார்கள். கவரில் "சாப்பாட்டுச் செலவுக்கு" என்று எழுதிக் கொடுத்தால் மனசாட்சிக்கும் நிம்மதி, கணக்கெழுதுகிறவருக்கும் குழப்பமில்லை. அக்டோபர், நவம்பரில் கடெய்ன் சீவர தானத்துக்கு வசூல் வரும்போதும் இதே வழிதான். வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். "துறவி ஆடைக்கு நாங்கள் கொடுப்பதில்லை, நம் தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, மற்ற வீடுகள் தருகிற அளவுக்குக் குறையாமல் கொடுங்கள். தொகை குறைந்தால் கொள்கை கஞ்சத்தனம் ஆகிவிடும்.

சாப்பாட்டைப் பற்றிச் சபைக்குச் சபை அபிப்பிராயம் மாறும். பெந்தெகொஸ்தேக்காரர் ஒரு மாதிரி, கத்தோலிக்கர் ஒரு மாதிரி. 1 கொரிந்தியர் 10:27, 28 ரொம்ப நடைமுறையான வழி காட்டுகிறது: பரிமாறினதைத் துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் விட்டுவிடு. அலூ பந்தியின் டம்பௌ பிரியாணி யாருக்கும் படைத்ததல்ல, தாராளமாகச் சாப்பிடலாம். மாடத்தில் வைத்து இறக்கிய சோறும் பழமும் வேறு கணக்கு. மண்டியிடுவதற்கு ஆதாரமாக 2 இராஜாக்கள் 5:18-இல் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமானைச் சிலர் காட்டுவார்கள். ரிம்மோன் கோயிலில் எஜமானுக்குக் கைகொடுத்துக் குனிந்தவன்தானே என்பார்கள். அவன் குனிந்ததைப் பார்க்கிறவர்கள், ஊருக்குத் திரும்பும் முன்பே அதை எலிசா தீர்க்கதரிசியிடம் வாய்விட்டுச் சொன்னதைப் பார்ப்பதில்லை.

உண்மையில் கஷ்டம் பௌத்தர்களிடம் அல்ல, சொந்தக்காரர்களிடம். பர்மியர் நம்மை வேற்றாள் என்று நினைப்பதால் பாதியை மன்னித்துவிடுவார். சித்தப்பா மன்னிக்கமாட்டார். திருநீற்றுத் தட்டு நீளும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டால், "அப்பன் பாட்டன் பூசினது உனக்கு ஆகாதோ?" என்ற கேள்வி வரும். தட்டு வரும் வரை காத்திராமல், வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவர் காலடியில் உட்கார்ந்து நலம் விசாரித்து, "சித்தப்பா, விபூதி மட்டும் வேண்டாம், உங்க கையை என் தலையில வைங்க" என்று முந்திக்கொள்ளுங்கள். தீமிதிக்கும் காவடிக்கும் போகாதவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்காவது போக வேண்டும். பிண்டம் வைக்கும் நேரம் வெளியே நாற்காலி போடலாம், இலை எடுக்கலாம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கேக் டப்பாவோடு வந்து நிற்கிற உறவு நிலைக்காது.

பிள்ளைகள் விஷயம் பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கிறது. 1965-இல் மிஷன் பள்ளிகள் அரசுடைமையான பிறகு நமக்கென்று பள்ளிகள் இல்லாமல் போயின. பல அரசுப் பள்ளிகளில் காலையில் பௌத்தப் பிரார்த்தனை உண்டு. வருஷம் தொடங்கும் வாரத்திலேயே தாயோ தகப்பனோ வகுப்பு ஆசிரியையைப் பார்த்து, பிள்ளை நிற்கும், சத்தம் போடாது, சொல்லாது என்று தெரிவித்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம். பிள்ளையே சொல்லிச் சமாளிக்கட்டும் என்று விட்டால், ஆசிரியை அதை அடம் என்றுதான் நினைப்பார்.

கடோ என்பது இன்னும் நுணுக்கம். தடிஞ்சூட் விளக்குப் பண்டிகையை ஒட்டி ஆசிரியர்களையும் பெரியவர்களையும் மண்டியிட்டு வணங்கி, பழமோ துணியோ கொடுப்பார்கள். பௌத்தர்களுக்குப் புத்தர், தர்மம், சங்கம், தாய்தகப்பன், ஆசிரியர் என்று ஐந்தும் ஒரே வரிசையில் வணக்கத்துக்குரியவை. அதனால் ஆசிரியருக்கு மண்டியிடுவது வெறும் மரியாதையா, வழிபாடா என்று நம்மவர்களுக்குள் வாக்குவாதம் ஓயாது. தமிழர்கள் பெரியவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிப் பழகினவர்கள். அந்தக் கணக்கில் ஆசிரியருக்குக் கடோ செய்வதைத் தடுக்க நியாயமில்லை என்றே தோன்றுகிறது. வேறு முடிவுக்கு வருகிற வீடுகள், முந்தின நாளே பிள்ளையோடு போய்ப் பழக்கூடையை இரண்டு கையாலும் கொடுத்து, குனிந்து நின்று நன்றி சொல்லிவிட்டு வரட்டும். கூடையும் கொடுக்காமல் லீவு போடுவதுதான் கூடாது.

எந்தக் கிழமை பிறந்தாய் என்று பர்மியர் யாரைப் பார்த்தாலும் கேட்பார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, பதில் சொல்லிவிடலாம். ஷ்வேடகோன் பகோடாவில் அந்தக் கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் அங்கே நின்றுகொள்ளலாம். விருந்தாளிகளைச் சுற்றிக்காட்டப் போகிறவர்கள் செருப்போடு காலுறையையும் கழற்ற மறக்க வேண்டாம்.

நாள் குறிப்பதில் ஒரு எச்சரிக்கை. பௌத்தர்களின் வஸ்ஸா என்ற மழைக்கால நோன்பு மூன்று மாதம், ஜூலை வாக்கில் தொடங்கி அக்டோபர் பௌர்ணமி வரை. அப்போது அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, வீடு மாறுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தின நம் லெந்து நோன்பு நாட்களில் நாமும் கல்யாணம் வைப்பதில்லை. மிஞ்சுவது அக்டோபர் கடைசியிலிருந்து சாம்பல் புதன் வரையும், ஈஸ்டர் முடிந்து ஜூன் வரையும்தான். ஆகஸ்டில் கல்யாணம் வைத்தால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், பக்கத்து வீட்டார் முகம் கோணும். ஏப்ரலில் வரும் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா வேறு பரிசுத்த வாரத்தோடு மோதும். 2022-இல் ஈஸ்டரும் பர்மியப் புத்தாண்டும் ஒரே நாள், ஏப்ரல் 17. அப்படிப்பட்ட வருஷங்களில் பெரிய வெள்ளி ஆராதனைக்குப் பஸ் கிடைக்காது; வெள்ளைச் சேலையோடு தெருவில் இறங்கினால் ஒரு வாளித் தண்ணீர் நிச்சயம். காலை ஆறு மணி ஆராதனை, பையில் மாற்றுத்துணி, வேதப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள். தண்ணீர் ஊற்றினவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அவர் உங்கள் பழைய வருஷத்தைக் கழுவுகிறார்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் அடையாள அட்டைகள் மூன்று நிறம். இனமும் மதமும் அதில் இருக்கும். இந்திய முகத்தைப் பார்த்ததும் "இந்து" என்று எழுதிவிடுகிற குமாஸ்தாக்கள் உண்டு. அட்டையில் ஒன்று, வீட்டுப் பட்டியலில் ஒன்று, ஞானஸ்நானச் சான்றிதழில் ஒன்று என்று போனால் கல்யாணத்திலும் பாஸ்போர்ட்டிலும் இடிக்கும். எழுதுகிற மேஜையிலேயே படித்துப் பார்த்துத் திருத்தி வாங்குங்கள். மதம் மாறுகிறவர்களுக்கு 2015 சட்டம் தனி: வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், டவுன்ஷிப் குழு முன் விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு. பௌத்தப் பெண்ணை மணக்கிற வேற்று மத ஆணுக்கும் அதே வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. மனைவி தன் மதத்தைப் பின்பற்ற அவன் தடைசெய்யக் கூடாது. இதையெல்லாம் வாலிபர் கூட்டத்தில் காதலுக்கு முன்னாலேயே விளக்குவது நல்லது. புத்தர் உருவத்தை வைத்து ஃபேஸ்புக்கில் கேலி, சட்டையில் படம், அலூ வீட்டில் கைப்பிரதி, எதுவும் வேண்டாம். 295-ஏ பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை. இரவு ஜெபத்துக்கு வந்தவர் தங்குவதானால் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். 2021 பிப்ரவரியில் அந்த விதி திரும்ப வந்துவிட்டது.

துக்க வீட்டில் முன்யோசனை ரொம்ப முக்கியம். சாவு என்று கேட்டதும் தெருக்காரர்கள் அழைக்காமலே வந்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க உட்காருவார்கள். பர்மிய வழக்கத்தில் அந்த ராத்திரி சீட்டாட்டம் நடக்கும். வேதக்கார வீட்டில் சீட்டு வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். சூரியகாந்தி விதை, லபெத்தோ என்ற தேயிலைக் கலவை, சர்க்கரை போடாத சூடான தேநீர், இவை விடியும் வரை தீராமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். நாம் மணிக்கணக்கில் தமிழ்க் கீர்த்தனை பாடுகிறோம். அவர்களுக்கு ஒரு வரி புரியாது. பத்து நிமிஷம் பர்மியத்தில் பேசச் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: இறந்தவர் யார், எந்த நம்பிக்கையோடு அடக்கம் செய்கிறோம், எத்தனை மணிக்குப் புறப்பாடு. வருகிறவர்களுக்குப் பனையோலை விசிறியோ காகித விசிறியோ கொடுப்பது அந்த ஊர் மரபு. பெயரும் தேதியும் பர்மியத்தில் ஒரு வசனமும் அச்சடித்து நாமும் கொடுக்கலாம்.

அடக்கம் முடிந்து திரும்புகிறவர்கள் தலை கழுவாமல் தங்கள் வீட்டுக்குள் போகமாட்டார்கள். தயோ-கின்புன் போட்ட தண்ணீர் வேண்டும். தயோ என்பது மரப்பட்டை. கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். வாசலில் இரண்டு வாளியில் அதைக் கரைத்து ஒரு குவளையோடு வைத்துவிடுங்கள். தீட்டில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பதற்காக, பெட்டியைத் தூக்கினவர் தலைமுழுக வழியில்லாமல் நிற்க வேண்டுமா? ஏழாம் நாள் அவர்கள் பிக்குகளுக்குச் சோறிடுவார்கள். நாம் அன்று சாயங்காலம் ஜெபம் வைத்து, தூக்கினவர்களுக்கும் நாற்காலி தந்தவர்களுக்கும் சாப்பாடு போடலாம். ஆத்துமாவுக்குப் புண்ணியம் சேர்க்க அல்ல, உங்களுக்கு நன்றி சொல்ல என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் ஐயர்மாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் மாட்டிறைச்சியை அடுப்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பௌத்தர்களில் நிறையப் பேர் தொடமாட்டார்கள், இந்து உறவினர் இலையைவிட்டு எழுந்துவிடுவார்கள். பன்றியும் வேண்டாம். முஸ்லிம் கடையில் வாங்கிய கோழி எல்லோருக்கும் ஒத்துவரும். ஐம்பது பேருக்கு டம்பௌ என்றால் அரிசி 4 பியி. ஒரு பியி என்பது எட்டுப் பால்டின். கோழி 6 வீசை. பர்மா வீசை 1.63 கிலோ. சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, அதில் மீன் விழுதின் வாசனைகூட வரக் கூடாது. கீதம் பாடப் போகும் ஒலிபெருக்கியை ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள். அவர்கள் பட்டான் என்ற பௌத்த நூலை ஓதும் ஒலிபெருக்கி இரவு பகலாக நாட்கணக்கில் ஓடுமே என்று கேட்கிறவர்களுக்கு: ஆமாம், ஓடும். அவர்கள் 87.9 சதவீதம்.

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது வாசல் தண்ணீர்ப் பானை. யேச்சான்சின் என்று பர்மாத் தெருக்களில் வழிப்போக்கருக்கு மண்பானைத் தண்ணீர் வைப்பார்கள். அவர்களுக்கு அது புண்ணியம், நமக்கு மத்தேயு 10:42. குடிக்கிறவருக்கு இரண்டும் ஒரே தண்ணீர். மார்ச்சில் தொடங்கினால் நல்லது. புதுப் பானை இரண்டு வாங்கி, இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி ஊற்றிவிட்டால் மண்வாடை போகும். இடுப்புயரப் பலகையில் நிழலில் வையுங்கள். அதற்குக் கீழே இருந்தால் நாய் வாய் வைக்கும். கொதித்து ஆறின தண்ணீரோ சுத்திகரித்த கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். ஒரு பானையில் தண்ணீர் இருக்க, மற்றதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு தினமும் மாற்றுங்கள். மூடி பொருந்தாவிட்டால் இரண்டொரு நாளில் கொசு முட்டையிடும். அள்ளுவதற்கு நீளக் காம்பு அகப்பை தனி, குடிக்கும் குவளை தனி. குவளையைச் சங்கிலியில் கட்டாதீர்கள், காணாமல் போனால் போகட்டும். வாரத்துக்கு ஒன்று வாங்கி வைக்க வேண்டியிருக்கும். பலகையில் வசனம் எழுத வேண்டும் என்று வாலிபர்கள் ஆசைப்படுவார்கள். முதல் வருஷம் எதுவும் எழுத வேண்டாம். யார் வைத்தது என்று டீக்கடையில் கேட்டு, கடைக்காரரே உங்கள் வீட்டைக் கைகாட்டட்டும்.